வாங்கின பொருளைப் பிரிக்க யாரைக் கேட்கணும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரிப்பேர் சமாச்சாரம்தான். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள்: பொருள் கெட்டுவிட்டது, ஸ்பேர் இல்லை என்கிறார்கள், புதுசு வாங்கச் சொல்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

43 இன்ச் எல்.ஈ.டி. டிவி, வாங்கி நாலு வருஷம். திடீரென்று படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. சர்வீஸ் சென்டரில் இருந்து வந்தவர், பேனல் போய்விட்டது, இந்த மாடலுக்கு இப்போது ஸ்பேர் வருவதில்லை, எக்ஸ்சேஞ்சில் புது டிவி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தெருமுனை மெக்கானிக் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், திருவொற்றியூர்

இதை நீங்களே பார்த்துவிடலாம். ராத்திரியில் அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். சத்தம் வந்ததும் செல்போன் டார்ச்சை அடித்து திரையை ஒட்டினாற்போல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகவாவது ஆள் அசைவதோ சேனல் பெயரோ தெரிந்தால், பேனல், அதாவது படம் காட்டுகிற திரை, உயிரோடு இருக்கிறது, பின்னால் இருக்கிற வெளிச்சம்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். திரைக்குப் பின்னால் நீளநீளமாக ஸ்ட்ரிப் ஒட்டியிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டி எல்.ஈ.டி. பல்புகள் தொடராகக் கோத்திருக்கும், பல டிவிகளில் அதில் ஒரு பல்பு போனாலே மொத்த வெளிச்சமும் நின்றுவிடும். பேனல் விலைக்கும் ஸ்ட்ரிப் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டிவியின் மாடல் நம்பரையும், கழற்றின ஸ்ட்ரிப்பில் அச்சடித்திருக்கும் நம்பரையும் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வேலை மட்டும் கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்ட்ரிப்பைத் தொடவேண்டும் என்றால் முன்னால் இருக்கிற கண்ணாடிப் பேனலைத் தூக்கி வைக்க வேண்டும், அதன் ஓரத்தில் மெல்லிய ரிப்பன் மாதிரி ஒட்டியிருக்கிற பட்டை லேசாக மடங்கினாலே படத்தில் கோடு விழுந்துவிடும். இந்த அளவு டிவி செய்து பழக்கம் உண்டா, தூக்க இரண்டு பேர் இருக்கிறார்களா, பேனல் உடைந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், செட்டாக மாற்றச் சொல்லுங்கள், பழைய ஸ்ட்ரிப்பும் அதே வயசுதான். அப்புறம், டிவி திரும்பி வந்ததும் செட்டிங்கில் பேக்லைட்டை நூறில் வைக்காமல் பாதிக்குப் பக்கத்தில் இறக்கி வையுங்கள், அந்தச் சூட்டில்தான் பல்புகள் சீக்கிரம் போகின்றன.

டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால்கூட உடனே பேனல்தான் என்று சொல்லிவிட முடியாது, உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டின் கோளாறாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பேனல் போய்விட்டது, ஸ்பேர் கிடையாது என்று வாயால் சொன்னதை, சர்வீஸ் விவரம் எழுதித் தருகிற ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எக்ஸ்சேஞ்சுக்குத் தலையாட்டிவிட வேண்டாம்.

செல்போன் டிஸ்பிளே உடைந்து பர்மா பஜார் பக்கம் ஒரு கடையில் மாற்றினேன். அன்றிலிருந்து 'இது அசல் பாகம் அல்ல' என்று போனே எச்சரிக்கை காட்டுகிறது. இப்போது சார்ஜ் ஏறவில்லை. வாரண்டி இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில், வெளியில் பிரித்த போனைத் தொடமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகி, காசிமேடு

நியாயம் இல்லை என்பதுதான் என் கருத்து. நீங்கள் மாற்றியது டிஸ்பிளே, கெட்டது சார்ஜிங். டிஸ்பிளே மாற்றும்போது கை பட்டுத்தான் சார்ஜிங் பாகம் போயிருக்கிறது என்றால் அதைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை, பிரித்தே பார்க்காமல் மொத்த வாரண்டியும் போய்விட்டது என்று சொல்வது எப்படிச் சரியாகும்? அமெரிக்காவில் இதற்கென்று 1975இலேயே ஒரு வாரண்டிச் சட்டம் வந்துவிட்டது. வெளியில் ரிப்பேர் பார்த்தார்கள், வேறு கம்பெனி பாகம் போட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்பது அங்கே நிலை. ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி கிடையாது, வேறு பாகம் போட்டால் வாரண்டி கிடையாது என்றெல்லாம் மிரட்டிய ஆறு கம்பெனிகளுக்கு 2018இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. நம் நாட்டில் அவ்வளவு நேரடியான சட்டம் இல்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டு பிடிகள் இருக்கின்றன, உங்கள் வழக்கை அவற்றில் வைத்து வாதாடலாம். மறுப்பதற்கான தொழில்நுட்பக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பஜார் கடையில் பில் வாங்கியிருந்தால் பத்திரமாக வையுங்கள், வாங்கவில்லை என்றால் இப்போதாவது போய்க் கேளுங்கள்.

அந்த எச்சரிக்கை விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்பிளே, பேட்டரி, கேமரா என்று பாகத்துக்குப் பாகம் ஒரு நம்பர் போட்டு, அந்த நம்பரை போனின் மெயின் போர்டோடு சேர்த்துப் பதிந்து வைத்துவிடுகிறார்கள். நம்பர் பொருந்தவில்லை என்றால் எச்சரிக்கை வரும், சில வசதிகள் வேலை செய்யாமல் போகும். இதில் கொடுமை என்னவென்றால், அதே மாடல் இரண்டு புதுப் போனை வாங்கி ஒன்றின் டிஸ்பிளேயை இன்னொன்றில் போட்டால்கூடச் சில மாடல்களில் இந்த எச்சரிக்கை வரும், இரண்டும் கம்பெனி பாகம்தான் என்றாலும். போலிப் பாகத்தைக் கண்டுபிடிக்கத்தான் இப்படி என்று கம்பெனிகள் சொல்கின்றன. எச்சரிக்கை காட்டுவதோடு நின்றால் அதை ஒத்துக்கொள்ளலாம், வசதியைப் பிடுங்குவதை எப்படி ஒத்துக்கொள்வது? அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2024இல் இப்படி நம்பர் போட்டுப் பூட்டுவதையே தடை செய்து சட்டம் போட்டது. இங்கேயும் அது வரவேண்டும்.

இன்னொன்று. எந்தக் கடையாக இருந்தாலும், கம்பெனி சென்டராகவே இருந்தாலும், போனைக் கொடுப்பதற்கு முன்னால் படங்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள்.

வியாசர்பாடியில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்தவன். எந்தக் கம்பெனியும் எங்களுக்கு ஸ்பேர் விற்பதில்லை, சர்க்யூட் படம் தருவதில்லை. வேறு வழியில்லாமல் கிடைத்ததைப் போட்டுக் கொடுத்தால் 'டூப்ளிகேட் போடுகிறவன்' என்ற பெயர். ரிப்பேர் உரிமைச் சட்டம் வந்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். எங்கே வந்தது?
– ஒரு மெக்கானிக்

தம்பி, சட்டம் வரவில்லை, முயற்சி மட்டும் நடந்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன் டேப்லெட், வீட்டு உபயோக மின்சாதனங்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு இணையதளத்தைத் திறந்தார்கள். கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரம், வாரண்டி விவரம், கையேடு இதையெல்லாம் அதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் போட்டே ஆகவேண்டும், போடாவிட்டால் இன்ன தண்டனை என்று சொல்ல ஒரு சட்டம் பின்னால் இல்லை. நீங்கள் எதிர்பார்க்கிற சர்க்யூட் படம், போர்டு லெவல் விவரம் அதில் கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். 2024இல் இன்னொரு குழு, எந்தப் பொருள் எவ்வளவு சுலபமாக ரிப்பேர் பார்க்கக்கூடியது என்று மதிப்பெண் போடும் முறையைப் பற்றி யோசிக்க. அதன் அறிக்கை 2025 மே மாதம் துறையின் கைக்குப் போனது. பிரான்சில் இந்த மதிப்பெண் முறை 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது, செல்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷினை எல்லாம் கடையில் விற்கும்போதே பத்துக்கு இவ்வளவு என்று போட்டுத்தான் விற்க வேண்டும் என்று அப்போது விதி போட்டார்கள்.

ஆனால் இந்த நாட்டில் உங்கள் பக்கம் ஒரு தீர்ப்பு ஏற்கனவே இருக்கிறது, அது கார் விஷயத்தில் வந்தது என்பதால் நம் தொழிலில் பலருக்கும் தெரியாது. கார் கம்பெனிகள் ஸ்பேரையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்று வழக்கு. காம்பெடிஷன் கமிஷன் என்கிற போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது, ஸ்பேரை வெளிச்சந்தையில் விற்க வேண்டும் என்றும் சொன்னது. மேல்முறையீடு என்று இழுத்தடித்தது வேறு கதை. ஆனால் அதில் உள்ள வாதத்தைப் பாருங்கள்: காரை விற்கிறவன் அதன் ஸ்பேர் சந்தைக்கும் தனி ராஜாவாகிவிடுகிறான், வாங்கினவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. இதில் காரை எடுத்துவிட்டு செல்போனைப் போட்டுப் படித்தால் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

இன்னும் கோபம் வரவைக்கிற விஷயம் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போனுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கியமான ஸ்பேர் கிடைக்க வேண்டும், ரிப்பேர் தொழில் செய்கிறவர்களுக்கு அதற்கான விவரங்களையும் கொடுக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அங்கே இந்த விதிக்குக் கட்டுப்பட்டு விற்கிற பெரிய கம்பெனிகளில் பலவும் இங்கேயும் விற்கின்றன. அங்கே கொடுக்க முடிகிற ஸ்பேரை வியாசர்பாடிக்கு மட்டும் ஏன் கொடுக்க முடியாது? சட்டம் கேட்கிற இடத்தில் கொடுக்கிறார்கள், கேட்காத இடத்தில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

டூப்ளிகேட் என்ற பெயர் உங்களுக்கு வந்ததற்கும் இதுதான் காரணம். அசலை விற்க மறுத்துவிட்டு, அசல் இல்லாததைப் போட்டான் என்று குற்றம் சொல்வது அநியாயம். நீங்கள் செய்யக்கூடியது, போடுகிற பாகம் கம்பெனி பாகமா, வேறு தயாரிப்பா, பழைய போர்டில் இருந்து கழற்றியதா என்று பில்லிலேயே எழுதிக் கொடுப்பது, அதற்கு உங்கள் கடை கேரண்டி எத்தனை நாள் என்றும் எழுதுவது. ஸ்பேர் கேட்டுக் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள், வருகிற பதிலை, பதில் வராததையும்கூட, சேர்த்து வையுங்கள். உங்கள் ஏரியாவில் இருக்கிற மற்ற கடைக்காரர்களும் அப்படிச் சேர்த்து வைத்தால் நாளைக்குப் போட்டி ஆணையத்தின் முன்னால் வைக்க ஆதாரம் இருக்கும்.

கடல் பக்கம் வீடு. ஏ.சி. அவுட்டோர் யூனிட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது போகிறது, உப்புக்காற்று என்றால் வாரண்டி கிடையாது என்கிறார்கள்.
– வாசகர், எண்ணூர்

வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் துருப்பிடித்தல் விலக்கு என்று பல கம்பெனிகள் போட்டிருப்பார்கள். வாங்கும்போது விற்பனையாளர் அதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். காப்பர் காயில் என்று சொல்லி விற்றாலும் அதைச் சுற்றி இருக்கிற தகடு அலுமினியம்தான். இரண்டு உலோகமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். துருத்தடுப்புப் பூச்சு போட்ட காயில் உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, போர்டு இருக்கிற பக்கத்தில் படாமல், காயில் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அவ்வப்போது உப்பைக் கழுவிவிடுவது பலன் தரும்.

போர்டு விஷயம் தனி. இன்வர்ட்டர் ஏ.சி. போர்டை உப்புக்காற்று அரித்தால் அதில் உள்ள பாகங்களின் கால்களில் பச்சையாகப் பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். சில போர்டுகளில் பல்லி உள்ளே நுழைந்து ஷார்ட் ஆகியிருக்கும், கருகின தடத்தை வைத்தே சொல்லிவிடலாம். இதில் பலதும் போர்டு லெவல் மெக்கானிக், அதாவது போர்டில் உள்ள சின்னச் சின்னப் பாகங்களையே மாற்றத் தெரிந்தவர், கையில் சரியாகிவிடும், முழு போர்டையும் மாற்ற வேண்டியதில்லை. சரி செய்த பிறகு மேலே காப்புப் பூச்சு அடித்துத் தரச் சொல்லுங்கள். பழைய போர்டை உங்களிடமே திருப்பித் தரவும் சொல்லுங்கள், அது உங்கள் சொத்து.

எதையெல்லாம் வீட்டிலேயே பிரிக்கலாம்?
– வாசகி, கொருக்குப்பேட்டை

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா, பெரும்பாலும் கண்டன்சர்தான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பழையதில் எழுதியிருக்கிற அளவையே (சீலிங் ஃபேனுக்குப் பொதுவாக 2.5 எம்.எஃப்.டி.) வாங்கிப் போடலாம். மிக்ஸியில் ஜாருக்குக் கீழே இருக்கிற கப்ளர், மோட்டாரில் கார்பன் பிரஷ், அயர்ன் பாக்ஸ் ஒயர், இதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அவனை மட்டும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். உப்பிப்போன செல்போன் பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. இப்போது வருகிற ஃபிரிட்ஜ்களில் பலவற்றில் ஆர்600ஏ என்ற கேஸ் இருக்கிறது, அது தீப்பிடிக்கும், அந்த லைனில் பற்றவைக்கிற வேலையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். ரிப்பேர் உரிமை வேண்டும் என்று கேட்கிற நானே இதைச் சொல்கிறேன், உயிர் போகிற வேலை வேண்டாம்.

மழை பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் ஏறிய வீடுகளில், தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்விட்சைப் போட்டதில்தான் நல்ல போர்டுகளும் போயின. நனைந்த மெஷினைப் பிரித்து, சேற்றைக் கழுவி, நன்றாகக் காய வைத்து, மெக்கானிக் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

கம்பெனி மீது புகார் கொடுக்க வக்கீல் வேண்டுமா, எவ்வளவு செலவாகும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. டிவி, போன், ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே போகவேண்டியதில்லை, 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு அது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீட்டில் இருந்தே இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை வந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், இதைத் தவறவிட்டுத்தான் பலர் நல்ல வழக்கையும் இழக்கிறார்கள்.

ஆனால் முதல் படி அது இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம், அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் பதிவுத் தபாலில் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ்: என்ன பொருள், என்றைக்கு வாங்கினீர்கள், என்ன கோளாறு, என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன வேண்டும், பதில் தர 15 நாள். எளிய தமிழில் எழுதினால் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் வழக்கு. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுகிற வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் தள்ளிப்போகும், அதற்கும் தயாராக இருங்கள்.

இதெல்லாவற்றுக்கும் பில் வேண்டும். பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. பில்லின் எழுத்து வெயிலில் அழிந்துவிடும், வாங்கின அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டர் ஜாப் ஷீட்டையும் அப்படியே.

இனிமேல் சரிவராது என்று ஆன பழைய போனையும் சார்ஜரையும் என்ன செய்வது? காயலான் கடையில் போட்டால் எரித்துவிடுகிறார்கள்.
– வாசகி, கொடுங்கையூர்

குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்தே வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செம்புக்காக ஒயரை எரிக்கும்போது அந்த பிளாஸ்டிக்கில் இருந்து டையாக்சின் வரும், போர்டில் ஈயமும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள்படி, பழைய பொருளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மூலம் அழிப்பதற்கான பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் செய்து எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் பகுதி ரிப்பேர் கடையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். செத்துப்போன போர்டு என்று நாம் நினைப்பதில் இருந்து ஐ.சி., கேமரா, ஸ்பீக்கர் என்று கழற்றி வேறு போனுக்குப் போடுவார்கள், அதற்குக் கொஞ்சம் காசும் தருவார்கள். போன் ஆன் ஆகிற நிலையில் இருந்தால் உங்கள் கணக்குகளில் இருந்து வெளியே வந்து, உள்ளே இருப்பதை முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள். ஆன் ஆகவே இல்லை என்றால், மெமரி இருக்கிற சிப்பை உங்கள் கண் முன்னாலேயே உடைத்துவிடச் சொல்லுங்கள்.